நிமிடத்துக்கு முப்பது

ரோகிணி கல்லூரிக்குக் கட்ட வேண்டியிருந்தது பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். அதில் ஒரு ரூபாய்கூட அவள் செலவழித்ததில்லை. அத்தனையும் என் கையால் வந்த நஷ்டம்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் சிலிண்டர் ஏற்றி இறக்குகிறவன் நான். நாற்பத்து மூன்று வயதில்தான் எழுத்துக் கூட்டப் படித்தேன். தமிழும் எண்களும் வந்தன. இங்கிலீஷ் எழுத்து வரவில்லை. அதை மறைத்துத்தான் கேஸ் அறை வேலைக்கு மாறினேன். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் அந்த வேலை. சுமை குறைவு, முதுகு கொஞ்சம் பிழைக்கும்.

ரோகிணி கொட்டாம்பட்டிப் பிள்ளை, ஆராய்ச்சி மாணவி. ஒரு சனிக்கிழமை காலை, ஊரில் அவள் அப்பா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார் என்று போன் வந்தது. அவசரமாக ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினாள்.

“அண்ணே, புது சிலிண்டர் மாட்டியாச்சு. இதுல இருக்குறபடி கேஸ் அளந்து விடுற மெஷின்ல நம்பரை வச்சுத் திறந்து விட்டுருங்க. திங்கக்கிழமை வந்துருவேன். புரியுதுல்ல?”

“புரியாம என்ன தாயி? நீ கெளம்பு.”

தாளில் இரண்டு வரி. மேலே முப்பது, கீழே அரை. இரண்டுக்கும் பக்கத்தில் இங்கிலீஷ். ஸ்டோர்கீப்பர் முத்துப்பாண்டி அண்ணன் வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றார். காட்டியிருந்தால் சொல்லியிருப்பார். காட்டினால் என் வண்டவாளம் தெரிந்துபோகும். மேலே எழுதியதுதானே முக்கியமாக இருக்கும் என்று முப்பதை வைத்தேன்.

திங்கட்கிழமை சிலிண்டர் காலி. பேராசிரியர் மரியராஜ் எங்கள் எல்லோர் முன்பும் ரோகிணியைப் பிடித்துக்கொண்டார்.

“மணிக்கு முப்பது மில்லிமோல்தானே உனக்கு வேணும்? மெஷின் நிமிஷக் கணக்குல ஓடுது. அறுபதால வகுத்து அரைன்னு வைக்கணும். முப்பதுன்னு எழுதிக் குடுத்தா அறுபது மடங்கு போகாதா? ரெண்டு மாசக் கேஸ் ஒரே நாள்ல போச்சு!”

மில்லிமோல் என்பது கேஸை எண்ணுகிற கணக்கு, வாழைப்பழத்துக்கு டஜன் மாதிரி என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். மீதியை முத்துப்பாண்டி அண்ணன் புரியவைத்தார்.

“நாளுக்கு எழுநூறு கூலின்னு பேசிட்டு, மணிக்கு எழுநூறுன்னு எண்ணிக் குடுத்த கதையால்ல இருக்கு! எனக்கு ஒருத்தனும் அப்படித் தப்பா குடுக்க மாட்டேங்குறானே.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ரோகிணி பிறகு தனியாக வந்தாள். “அண்ணே, கீழ அரைன்னு எழுதுனேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. அந்தத் தாள் இருக்கா?”

“காத்துல எங்கயோ பறந்துருச்சு தாயி.”

காலி சிலிண்டரைப் பார்த்த உடனேயே அதைக் கிழித்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தேன்.

“அப்ப நான்தான் விட்டுருப்பேன். நீங்க என்ன செய்வீங்க, இருந்ததைப் பாத்து வச்சீங்க.”

மாதம் மூவாயிரத்து நூறு, ஆறு தவணை என்று அவள் உதவித்தொகையில் பிடித்தார்கள். இரண்டு தவணை போயிற்று. மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு டீயும் பன்னும் தின்றாள். அவளைப் பார்க்கக் கூடாதென்றே நான் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் அடுத்த சிலிண்டர் வந்தது. ரோகிணி முப்பதை அறுபதால் வகுத்தாள். அடித்துவிட்டு மறுபடி வகுத்தாள். மூன்றாம் முறையும் அரைதான். மெஷினில் கை வைக்காமல் என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, நீங்களும் ஒரு தடவ வாசிச்சுப் பாருங்களேன். எனக்கு என் மேலயே நம்பிக்கை போச்சு.”

தாளை வாங்கினேன். எழுத்துகள் கரைந்து தெரிந்தன.

“எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது தாயி. அன்னைக்கும் தெரியாது. நீ சரியாத்தான் எழுதியிருந்த. நான்தான் முப்பதை வச்சேன். தாளையும் நான்தான் கிழிச்சேன்.”

அவள் அரையை வைத்து வால்வைத் திறந்தாள்.

நானே போய் மரியராஜ் சாரிடம் சொன்னேன்.

“அந்தப் புள்ள ரெண்டு மாசமா கட்டுறதைப் பாத்துக்கிட்டா இருந்த?” என்றார்.

மீதிப் பன்னிரண்டாயிரத்து நானூறை என் பெயருக்கு மாற்றினார்கள், மாதம் ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பதாக. கேஸ் அறை போயிற்று. லாரியிலிருந்து வாசல் வரை உருட்டுவதோடு சரி. ரோகிணி கட்டிய ஆறாயிரத்து இருநூறுக்காக என் மனைவி தங்கப்பொண்ணு போட்டுவந்த ஏலச்சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்தேன். எதற்கென்று கேட்டவளிடம் பாதிதான் சொன்னேன்.

பணத்தை ரோகிணி எண்ணாமல் பைக்குள் வைத்தாள்.

“தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நானே வச்சுட்டுப் போயிருப்பேன்ணே, ரெண்டு நிமிஷம். அது போகட்டும். தாள் பறந்துருச்சுன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்களே.”

அதன்பிறகு பார்த்தால் தலையசைப்பாள். பேச்சில்லை.

எட்டாவது மாதச் சம்பளத்தன்று முத்துப்பாண்டி அண்ணன் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே கோடு கிழித்தார்.

“கடன் முடிஞ்சுச்சுய்யா. அடுத்த மாசம் முழுச் சம்பளம். மூஞ்சியக் கொஞ்சம் நிமுத்து.”

“வாரேண்ணே” என்று சொல்லிவிட்டு, ஆய்வுக்கூட வாசல் வழியாகப் போகாமல் பின்பக்கமாகச் சுற்றிப் பஸ்ஸுக்கு நடந்தேன்.