வைகாசியில் திறக்கும் கதவும் மார்கழிப் பக்கமும்

எல்லாருக்கும் வணக்கம். சுகமாக இருக்கிறீர்களா? இந்த மாரிக்குள் தடிமன், காய்ச்சல் வராமல் இருந்தாலே பெரிய விசயம். நான் நல்ல சுகம். அதற்குக் காரணம் ஒரு கட்டுரை.

கொழும்பில் வரும் பயணச் சஞ்சிகை ஒன்றுக்கு, வாவிக்கரையிலுள்ள எங்கள் கண்ணகை அம்மன் கோயிலைப் பற்றி எழுதி அனுப்பியிருந்தேன். மார்கழி இதழில் நடுப்பக்கம் என்றாள் ஆசிரியர் சுலோஜனா. என் பெயர் அச்சில் வருவது முதல் தடவை. பொறுக்க முடியாமல் ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

அச்சுக்குப் போகும் கிழமை அவள் போன் எடுத்தாள்.

"அன்ரி, கோயில் காலையில எத்தனை மணிக்குத் திறப்பாங்க? நீங்க எழுதயில்லையே."

"காலையிலயா? அது வைகாசிச் சடங்குக்குத்தானே மகள் திறக்கிற. மறுகா பூட்டினா அடுத்த வைகாசிதான்."

"மார்கழியில இத வாசிச்சிட்டு வேன் பிடிச்சி வாறவங்க, பூட்டின கதவப் பார்த்திட்டா போறது?"

"இது ஆருக்குத் தெரியாது?"

"எனக்குத் தெரியாதே அன்ரி."

எனக்குக் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டு, கேள்வி கேட்கிறாளாம் கேள்வி என்று வீட்டுக்காரர் யோகராசாவிடம் கொட்டினேன்.

"கறிக்கு உப்புக் கூடிப்போச்செண்டு நான் சொன்னாலும் உனக்கு இதே முகந்தான்," என்றார் அவர். "வேன்காரன் வந்து ஏசுறதுக்கு முதல் அந்தப் புள்ள சொல்லிட்டுது. நல்லதுதானே கா."

திரும்ப நானே அவளுக்குப் போன் எடுத்தேன். கோயிலை வைகாசி இதழுக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஆனால் நடுப்பக்கம்?

"நாளைக்குப் பின்னேரம் வேற ஒண்டு தந்தா அது உங்கட பக்கம். இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுக்கணும். மார்கழியில அங்க என்ன இருக்கு?"

"மழதான் இருக்கு."

"அப்ப மழைய எழுதுங்க. ஒண்டும் தெரியாத எனக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க."

விடிந்ததும் யோகராசாவையும் ஒரு குடையையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வாவி நிரம்பிக் கோயில் வீதிவரை வந்திருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று ஒருவர் வலை வீசினார். பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு பெண் குடையை மடக்கி, நனைந்தபடியே கும்பிட்டுப் போனாள். பக்கத்தில் கேதீஸ்வரியின் சாப்பாட்டுக் கடை. ஆவி பறக்கும் பிட்டு, அந்த வாவி இறாலில் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன்: கடைசி பஸ் எப்போது, மழைக்கு எங்கே ஒதுங்குவது, கால் கழுவ எங்கே தண்ணீர்.

"இவ்வளவு கேக்கிறீங்க, ஊருக்குப் புதுசா கா?" என்றாள் கேதீஸ்வரி.

"இண்டைக்குப் புதுசு."

"காலையில இருந்து இப்பிடித்தான்," என்றார் யோகராசா. "என்னட்டயும் பேர் என்னெண்டு கேட்டவ."

அங்கேயே போனில் எழுதி அனுப்பினேன். பின்னேரம் சுலோஜனாவிடமிருந்து பதில் வந்தது: "நல்லாயிருக்கு. ஒரே ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமையும் இறால் குழம்பு இருக்குமா?"

இந்த முறை கோபம் வரவில்லை. வெள்ளி மரக்கறி நாள்தான். எனக்குத் தெரிந்ததென்று மறுபடியும் விட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே ஒரு வரி சேர்த்தேன்.

நடுப்பக்கம் வந்துவிட்டது. மேலே மழை, கீழே என் பெயர். கேதீஸ்வரி அதைக் கடையில் ஒட்டியிருக்கிறாள்.

உங்கள் எழுத்தில் நீங்கள் விட்டதை யார் கேட்டுப் பிடித்தார்கள்? அப்போது எவ்வளவு கோபம் வந்தது? கட்டாயம் எழுதுங்கள், நான் ஒவ்வொன்றாக வாசிப்பேன்.