தனியே நடந்த மூட்டை

மலைமுகட்டில் விழுந்த முதற்கதிர் சரிவுகள்தோறும் மெல்ல வழிந்திறங்கி, புல்நுனிப் பனியையெல்லாம் மணியாக்கி, பள்ளத்தாக்கின் அடியில் சோம்பிக் கிடந்த மூடுபனியைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்த இனிய காலைப்பொழுது. மலையுச்சியில் தொடங்கிக் கடற்கரையில் முடியும் நெடுநடைப் பாதை, குன்றுகளைச் சுற்றியும் காடுகளைக் கீறியும் ஊர்களின் கொல்லைப்புறங்களை உரசியும், யாரோ அவிழ்த்தெறிந்த நாடாவென நெளிந்து கிடந்தது. கற்றறிந்த பெருமக்களே, இத்துணை அழகிய பொழுதில், அப்பாதையோரத்து ஓடையருகே, ஈரக் கால்களுடன் ஒருவன் வெறும் பாறையொன்றை வெறித்து நின்றான். சற்றுமுன் அப்பாறைமேல் அவன் மூட்டை இருந்தது. இப்போது பாறை மட்டும் இருந்தது.

அவன் பேரூர் ஒன்றின் அஞ்சல் நிலையத்தில் மடல்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்குபவன். தமக்கையின் நிழலில் வளர்ந்து, அவள் ஆக்கியதை உண்டு, அவள் மடித்ததை உடுத்து, மீசை நரைக்கத் தொடங்கிய பின்னர் தனி வீடு வேண்டுமென்று வாய் திறந்தவன். தமக்கை சிரித்த சிரிப்பில் அடுக்களைக் கிண்ணங்கள் அதிர்ந்தன. "தண்ணிகூட நான் மோந்து குடுத்தாத்தான்டா உனக்கு உள்ள இறங்கும். உனக்குத் தனி வீடு ஒரு கேடா?" என்றாள். அக்கணமே அவன் வஞ்சினம் உரைத்தான். எவர் கைத்தாங்கலும் இன்றி, தன் மூட்டையைத் தானே சுமந்து, நெடுவழி முழுதும் நடந்து கடலைத் தொடுவான். தொட்டால் தனி வீடு, தவறினால் அப்பேச்சுக்கே முற்றுப்புள்ளி. "சரி, நானே அங்க வந்து நின்னு பாக்கறேன்" என்றாள் அவள்.

பாதையையும் மழையையும் எண்ணிப் பார்த்தவன், பாதையோரத்து மக்களை எண்ணிப் பார்க்கவில்லை. மான் வரும் வழியில் வலைவிரித்துக் காத்திருக்கும் வேடரைப்போல் அவர்கள் வாயில்தோறும் செம்பும் கையுமாகக் காத்திருந்தனர். அவனோ வேலிக்குப் பின்னால் குனிந்தும், கொட்டில்களின் ஓரம் பதுங்கியும், கோழி திருடுபவனினும் நுண்ணிய நடையில் அவர்தம் அன்பினின்று தப்பி வந்தான். ஆயினும் தொழிற்பழக்கம் அவனைக் காட்டிக்கொடுத்தது. முகவரியற்ற பொருள் எதுவும் அவன் கண்ணுக்குத் தாயற்ற பிள்ளை. ஆகவே புறப்படும்போதே தன் மூட்டையின் நெற்றியில், நடைமுடிவிலுள்ள கடற்கரை விடுதியின் முகவரியைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்.

ஓடைக்கு அப்பாலிருந்த சிற்றூரில் தேனீ வளர்ப்பவள் ஒருத்தி, மூட்டை தேடி வந்தவனை மலர்ந்த முகத்துடன் தன் முற்றத்துள் அழைத்தாள்.

"பச்சை மூட்டைதானே? ஓடைக்கரையில கிடந்துச்சுன்னு என் தங்கச்சி தூக்கிட்டு வந்தா. எவ்ளோ அழகா முகவரி எழுதியிருந்துச்சு! யாரோ விட்டுட்டுத் தவிக்கிறாங்க பாவம்னு, இப்பதான் பால் வண்டில ஏத்திவிட்டோம்."

"ஐயோ, அது என்னுதுங்க! கால் கழுவத்தான் இறங்கினேன்!"

"அப்போ நல்லதாப் போச்சு. இனிமே கைய வீசிட்டு நடக்கலாம். உக்காருங்க, ஒரு வாய் குடிச்சுட்டுத்தான் போகணும்."

"வேணாங்க, நேரமாச்சு."

"நேரம் எங்க போயிடப் போகுது?" என்றவள் இரு கைகளையும் விரித்து வாயிலை அடைத்து நின்றாள். அவன் குடித்தான்.

அன்றுதொட்டு மூட்டை முன்னே செல்ல, அவன் பின்னே ஓடினான். போர்வையும் உணவும் மூட்டையோடு போய்விட்டமையால், எவரிடமும் எதுவும் பெறேன் என்றவன் எல்லாரிடமும் எல்லாம் பெற்றான். மறுத்தால் இரண்டு மடங்கு கிடைத்தது. பால் வண்டியிலிருந்து விறகு வண்டிக்கும், விறகு வண்டியிலிருந்து படகுக்கும், முகவரியை மதிக்கும் நல்லோர் கைமாறிக் கைமாறி மூட்டை விரைந்தது. அவன் பணிபுரிந்த அஞ்சல் நிலையம் இத்தகைய விரைவை ஒருநாளும் கண்டதில்லை.

ஆற்றுத்துறையில் படகோட்டி அவனைக் கண்டதும் முகமெல்லாம் பல்லானான். "உங்க மூட்டையா அண்ணே? நேத்தே அக்கரைக்குப் போயிருச்சு. வார் பிஞ்சிருந்துச்சு, தச்சுட்டேன். எங்க வீட்டுக்காரி உள்ள இருந்த சட்டையெல்லாம் துவைச்சு மடிச்சுட்டா."

"யாருங்க துவைக்கச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? அந்த நாத்தமே சொல்லுச்சே!"

அவன் பொங்கிய சினத்தை உரைக்கத்தான் முயன்றான். ஆனால் அதற்குள் படகோட்டியின் மனைவி அவித்த கிழங்கை அவன் வாய் கொள்ளாத அளவுக்குத் திணித்திருந்தாள். கிழங்கு அடைத்த வாயால் பேசிய கடுஞ்சொல் நன்றியென்றே கேட்டது போலும், இன்னொன்றும் கிடைத்தது.

இவ்வாறு கால் கடுத்தும் வயிறு நிறைந்தும் நெஞ்சு எரிந்தும், ஒரு நண்பகலில் அவன் கடலைக் கண்டான். விடுதி முற்றத்தில், வழிநெடுக எவரெவரோ திணித்த தேனடையும் கிழங்கும் காலுறையுமாய்ப் பருத்துப் பன்றிபோல் அமர்ந்திருந்தது மூட்டை. அதன் அருகே நின்றாள் தமக்கை.

"உன் துணைகூட இல்லாம தனியா வந்து சேந்தது மூட்டைதான்டா," என்றாள். "தனி வீட்டை அதுக்கே குடுத்துடலாமா?"

அவன் மூட்டையைத் தூக்கக் குனிந்தான். "சரி, வா போகலாம். ஊர் வண்டி கிளம்பிடும்" என்று அவள் திரும்பியபோதுதான், வெயிலில் காய்ந்து வெடித்த அவள் உதடுகளைக் கண்டான். காலைமுதல் அவள் பாதையையே பார்த்து நின்றிருக்கிறாள். விடுதித் திண்டின்மேல் தண்ணீர்க் குடமும் செம்பும் இருந்தன. அவளுக்கு மோந்து கொடுப்பார்தாம் இல்லை. மோந்து கொடுப்பவள் எப்போதும் அவளே அன்றோ! அவன் கை அவனைக் கேளாமலே செம்போடு குடத்துள் சென்றது.

"உக்காருக்கா. ஒரு வாய் குடிச்சுட்டுத்தான் போகணும்."

"வேணாம்டா, நேரமாச்சு."

"நேரம் எங்க போயிடப் போகுது?" என்றவன் செம்பை அவள் கையில் திணித்துவிட்டு, இரு கைகளையும் விரித்து வாயிலை அடைத்து நின்றான்.

தமக்கை பல்லைக் கடித்தாள். "என்னடா இது தொல்லை!" என்றாள். வண்டி கிளம்பும் ஓசை கேட்டது, போயிற்று. வேறு வழியின்றி அமர்ந்து, முனகிக்கொண்டே குடித்தாள்; ஒழிந்த செம்பை அவன் மீண்டும் நிறைக்க, அதையும் குடித்தாள். பின் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கடலின் பக்கம் திரும்பினாள்.

"தொட்டுப் பாத்தியா அந்தக் கடல?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"போய்த் தொட்டுட்டு வா. அப்புறம் வீடு பாக்கலாம். கிணறு பக்கமா இருக்கற வீடா பாரு. வர்றவங்களுக்கு மோந்து குடுக்கணுமில்ல."

அவன் நீரை நோக்கி நடந்தான். பின்னால் தமக்கை மூட்டையை அவிழ்த்துக் கிழங்குகளை வெளியிலெடுத்து, மண் தட்டி, அவனுக்கென்று எடுத்து வைக்கலானாள். பெருமக்களே, அன்பு பெறுவோர்க்குச் சுமையே. அச்சுமையை இறக்கிவைக்க இடம் தேடி மாந்தர் நெடுவழி நடக்கின்றனர். இறக்கிவைக்க இன்னொருவர் தோள் கிடைத்த அன்றே நடை முடிகிறது.