தீர்த்தம் பட்ட மகரந்தம்

சவரிராஜ் அண்ணன் நல்ல மனிதர்தான். அதுதான் அவர் தங்கை அற்புதமேரிக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. கெட்ட மனிதராக இருந்தால் வாய்விட்டுத் திட்டித் தீர்த்திருக்கலாம்.

சிங்கப்பூரின் பூன் லேயில், தன் ஐந்தாம் மாடி வீட்டுத் தாழ்வாரத்தில் அவள் ஆர்க்கிட் வளர்க்கிறாள். தஞ்சோங் பகாரில் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தாலும், செடிகளை ஒரு சுற்றுப் பார்க்காமல் செருப்பைக் கழற்ற மாட்டாள். அவளிடம் வாண்டா என்ற ஆர்க்கிட் வகையில் ஒரு வெள்ளைச் செடி இருந்தது. விரல் நீளக் கன்றாக வாங்கி ஏழு வருடம் வளர்த்தது. அப்படி ஒரு வெள்ளையை அவள் வேறெந்தச் செடியிலும் பார்த்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன் டிசம்பர் மழையில் குருத்து அழுகிச் செத்துப்போனது.

சாகுமுன் அது விட்ட கடைசிப் பூவிலிருந்து கடுகளவு மகரந்த உருண்டைகள் இரண்டை ஊசி முனையால் எடுத்தாள். மருந்தில்லாத வெறும் ஜெலட்டின் மாத்திரைக் கூட்டுக்குள் போட்டு, ஈரத்தை உறிஞ்சும் நீலச் சிலிக்கா மணிகளோடு சின்னக் கண்ணாடிப் புட்டியில் உலர்த்தி, இறுக மூடி ஃப்ரீசரில் வைத்தாள். தன்னிடமிருந்த இன்னொரு செடியான ஊதா வாண்டா பூத்ததும் இதை அதில் சேர்த்து விதை எடுக்க வேண்டும். அந்தச் சோம்பேறிச் செடியோ மூன்று வருடமாக இலையாகவே விட்டுக்கொண்டிருந்தது. வெள்ளையின் வம்சத்தில் மிச்சம் அந்தப் புட்டி ஒன்றுதான்.

அதை அவள் ஒருநாளும் திறக்கவில்லை. குளிர்ந்த புட்டியைச் சிங்கப்பூர்க் காற்றில் திறந்தால் உள்ளே வியர்த்துவிடும். மகரந்தம் ஈரம் குடித்துப் பாழாகும். வெளியே எடுத்து, மூடியோடு இரண்டு மணி நேரம் வைத்து, குளிர் முழுக்க விட்ட பிறகுதான் திறக்க வேண்டும். இதை அண்ணனிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அவரும் நூறு தடவை தலையாட்டியிருக்கிறார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்கக் கோவில் ஃபாதர் வருவதாக இருந்தது. அன்று காலையில்தான் ஊதா வாண்டா மலர்ந்தது! மத்தியானம் வந்ததும் புட்டியை வெளியே எடுக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் அரைநாள் வேலையை முடித்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். அதற்குள் ஃபாதர் சீக்கிரமே வந்து போய்விட்டார். அதே அடுக்குமாடிப் புளோக்கில் குடியிருக்கும் அண்ணன் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்துவிட்டு, எல்லாவற்றையும் முன்னின்று நடத்தி, சோபாவில் பூரிப்போடு உட்கார்ந்திருந்தார்.

"எல்லா ரூமும் மந்திரிச்சாச்சு மேரி. உனக்கு ஒரு சர்ப்ரைஸ்லா. உன் புட்டியையும் மந்திரிச்சுட்டோம்!"

"எந்தப் புட்டி?"

"ஃப்ரீசர்ல வெச்சிருக்கியே, அதான். மூடி மேல தெளிச்சா உள்ள போகாதுல்ல? நானே தொறந்து, அந்தக் கூட்டையும் பிரிச்சுக் காட்டினேன். 'இதுல தண்ணி படலாமா'ன்னு ஃபாதர் கேட்டாரு. 'தீர்த்தம்தானே ஃபாதர், என்ன செஞ்சிடப் போவுது'ன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மூடித் திரும்ப ஃப்ரீசர்லயே வெச்சுட்டேன். பத்திரமா இருக்கு."

பத்திரமாம்! அவள் ஓடிப்போய்ப் புட்டியை எடுத்தாள். நீல மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகிக் கிடந்தன. கூடு பிசினாகக் கரைந்து ஒட்டி, அதன்மேல் பனி பூத்திருந்தது.

"மாதாவே! அண்ணே, உங்கள யாரு இதத் தொறக்கச் சொன்னா? தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டீங்களே!"

"தண்ணின்னு சொல்லாத மேரி. தீர்த்தம்."

வாயைத் திறந்தால் தீர்த்தத்தைப் பழித்தவள் ஆகிவிடுவாள். பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. உதட்டைக் கடித்துக்கொண்டு புட்டியை மேசைமேல் வைத்தாள். மனசு கேட்காமல், குளிர் விட்டதும் அந்தப் பிசினைச் சுரண்டி, நசுங்கிய உருண்டைகளை ஊதாப் பூவுக்குள் வைத்தாள். இரண்டாம் நாள் பூ வாடியது. ஐந்தாம் நாள் காய் பிடிக்காமலே காம்பு மஞ்சளடித்து உதிர்ந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்திலேயே அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கோவில் கூடத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அங்கேயும் புட்டியை மந்திரித்த கதையை ஆரம்பித்துவிட்டார். ஏழெட்டுப் பேர் அனுதாபமாக உச்சுக்கொட்டினார்கள்.

"மந்திரிச்சும் ஏன் காய் புடிக்கலன்னு நானும் யோசிச்சுப் பாத்தேன்லா," என்று தங்கை பக்கம் திரும்பினார். "கோவிச்சுக்காத மேரி. உனக்கு விசுவாசம் பத்தல."

அவள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"விசுவாசம் இருந்துச்சுண்ணே. அதனாலதான் மூணு வருஷமா உள்ள உசுரு இருக்கா இல்லையான்னு ஒரு தடவகூடத் தொறந்து பாக்கல. தொறந்தது நீங்க."