பத்தாவது பெயர்

பத்துப் பேர் இல்லாவிட்டால் துறையை மூடுவோம் என்று கடிதம் வந்தது. எங்களிடம் ஒன்பது பேர் இருந்தார்கள்.

மெய்யியல் துறை. நான் அங்கே தற்காலிக உதவி விரிவுரையாளர், பெயர் முஸ்பிறா. என் வாப்பா கலந்தர் சாய்ந்தமருதுக் கரையில் வலை இழுத்த காசில் படித்து முதலாம் வகுப்பில் சித்தியடைந்தவள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். துறை போனால் என் ஒப்பந்தமும் போகும். ஒன்பது பிள்ளைகளையும் அவர்கள் கேட்காத பாடங்களுக்குப் பிய்த்து அனுப்புவார்கள். "மெய்யியலா? அது எதுக்குகா? மார்க்கட்டுல எடுபடுமா?" என்று அயல்வீட்டு சுபைறா மாமி கேட்டபோதெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருக்கிறேன். அதே கேள்வியை மேலிடம் முத்திரை குத்திக் கேட்டால் சிரிப்பு வருவதில்லை.

கடிதத்தோடு ஒரு படிவமும் வந்தது. பெயர், முகவரி, எதிர்பார்க்கும் தொழில். ஒன்பது பேரும் உண்மையை எழுதியிருந்தார்கள். ஒருத்தி 'தெரியாது' என்றும் ஒருவன் 'கட்டாருக்குப் போவேன்' என்றும். இறக்காமத்து றிஸ்லா 'முதலில் படிக்கிறேன், பிறகு சொல்கிறேன்' என்று எழுதி, கட்டம் போதாமல் ஓரத்துக்கும் போயிருந்தாள்.

பத்தாவது படிவத்தைக் கடைசி நாள் பின்னேரம் நானே நிரப்பினேன். வராத சிநேகிதிக்கு வரவுத்தாளில் கையொப்பம் வைப்பது எங்கள் வளாகத்தில் யாருக்கும் பாவமாகத் தெரிவதில்லை. எண்பது வீதம் வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது, அதனால் ஒருத்தி இரண்டு பேருக்கு வைப்பாள். நானும் நாலு வருடம் வைத்தவள்தான். வராதவளுக்கு வைத்த கை, இல்லாதவளுக்கும் வைத்தால் என்ன?

பெயர்: நுஸ்ஹா. முகவரிக்கு எங்கள் வீட்டுக்குக் கடற்பக்கமாக இருக்கும் வெறும் வளவின் இலக்கத்தைப் போட்டேன். சுனாமிக்குப் பிறகு அங்கே ஒரு அத்திவாரமும் உடைந்த கிணற்றுக்கட்டும் மட்டும்தான். எதிர்பார்க்கும் தொழில் என்ற கட்டத்தில், வந்த ஆத்திரத்தில், 'சந்தை கேட்கும் எதுவும்' என்று எழுதினேன்.

துறைத் தலைவர் ஸிராஜ் சேர் படிவங்களை எண்ணினார். கடைசியை மட்டும் இரண்டு தரம் வாசித்தார்.

"இந்தப் புள்ளதான் விளங்கி எழுதியிரிக்கி" என்றார்.

நுஸ்ஹாவுக்குப் பதிவிலக்கம் கிடைத்தது. வரவுத்தாளில் அவளுக்காக இரண்டு கிழமை இடது கையால் கையொப்பம் வைத்தேன். மூன்றாம் கிழமை மறந்துவிட்டேன். பின்னேரம் நினைவு வந்து தாளை எடுத்தால் கையொப்பம் இருந்தது. அதே சாய்வு, வால் இடப்பக்கம் வளையும் அதே எழுத்து.

மறுநாள் வகுப்பில் கேட்டேன். நுஸ்ஹாவின் கதை ஒன்பது பேருக்கும் தெரியும்.

"யாரு நுஸ்ஹாக்கு சைன் வெச்ச?"

"நாங்க நீங்கதானெண்டு நெனச்சம், மிஸ்" என்றாள் றிஸ்லா. "ஆளில்லாமலே வரவு போடுறா. அந்த வித்தைய எங்களுக்கும் பழக்குங்களன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

'விலை போட முடியாத ஒன்று' என்று ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். றிஸ்லா தன் வாப்பாவின் வயல் காவலைப் பற்றி எழுதியிருந்தாள். யானை வந்து கதிரில் வாய் வைக்காமல் காவல் குடிலையே பார்த்துக்கொண்டு நின்றதாம். ஏன் நின்றது என்று பக்கம் பக்கமாகக் கேட்டுவிட்டு, முடிவில்லாமல் விட்டிருந்தாள். ஒரே எழுத்துப்பிழை. மூன்று தரம் வாசித்தேன்.

கட்டுக்குள் பத்துக் கட்டுரைகள் இருந்தன. பத்தாவது அச்சடித்தது, ஒரு பிழை இல்லை. ஒவ்வொரு பந்தியும் முந்திய பந்திக்குத் தலையாட்டிக்கொண்டு போனது. எந்த இடத்திலும் ஒரு கேள்வி இல்லை. கடைசி வரி: 'விலை போட முடியாதது என்று எதுவும் இல்லை, இன்னும் விற்பனைக்கு வராதவை மட்டுமே உள்ளன.'

கணினி எழுதியிருக்கும், இந்தக் காலத்தில் அது ஒரு அதிசயமா? ஆனால் யாரோ ஒருவர் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். தாளின் ஓரங்கள் நனைந்திருந்தன. தூக்கியபோது மேசையில் கொஞ்சம் கடல்மணல் கொட்டியது.

அன்று வீட்டுக்குப் போனால் வாப்பா வாசலில் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார்.

"பக்கத்து வளவுக்கு யாரும் குடிவந்திரிக்காகளா மகள்?"

"அங்க வீடே இல்லையே வாப்பா."

"அதான் நானும் பார்த்த. தபால்காரன் வந்து கூப்பிட்டான். ஒரு புள்ள வந்து கடிதத்த வாங்கிச்சி. ஒன்ட வயசிரிக்கும். நல்ல அடக்கம். சலாம் சொன்னன், பதில் சொல்லிச்சி. யார்ர மகளெண்டு கேட்டன், சிரிச்சிச்சி. அங்கால திரும்பினதுதான், பிறகு காணல்ல."

"எந்தப் பக்கம் போன?"

வாப்பா ஊசியால் கடலைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை அவளைப் பிடிப்பது என்று முடிவெடுத்தேன். ஜும்ஆ நேரம் கடைகள் சாத்தி, ஆண்கள் பள்ளிவாசலில், பெண்பிள்ளைகள் விடுதியில். பட்டப்பகலில் வளாகம் முழுவதும் சனமற்றுக் கிடக்கும். வகுப்பறைக் கதவை உள்ளே பூட்டிவிட்டு மேசையில் வரவுத்தாளை விரித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்டது. மின்விசிறி ஓடவில்லை, ஆனாலும் பின்வரிசையில் ஒரு கொப்பியின் பக்கங்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன. யாரோ வாசிக்கிற வேகத்தில்.

தொழுகை முடிந்து வீதியில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டதும் கையை எடுத்தேன். கைக்குக் கீழே, அவள் பெயருக்கு நேரே, கையொப்பம் இருந்தது. மை காயவில்லை. என் உள்ளங்கையில் ஒரு பொட்டு மையும் ஒட்டியிருக்கவில்லை.

அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராக ஸிராஜ் சேரின் அறைக்குள் கூப்பிட்டார்கள். நான் வெளியே நின்று எண்ணினேன். ஒன்பது பேர் போனார்கள், ஒன்பது பேர் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் முகம் செத்திருந்தது. கடைசியாக வெளியே வந்த அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்காத குறை.

"பத்தாவது மாணவி மிகச் சிறப்பு. எங்களிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. நாங்கள் கேட்ட அனைத்துக்கும் பதில் வைத்திருந்தார்."

அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் இருந்த கதிரைக்குக் கீழே சீமெந்து ஈரமாக இருந்தது.

துறை தப்பியது. ஸிராஜ் சேர் என்னைக் கூப்பிட்டு இருபது வெற்றுப் படிவங்களை நீட்டினார்.

"ஒங்கட இடத்த நிரந்தரமாக்கித் தாறாகளாம். அடுத்த வருசத்துக்கு நுஸ்ஹா மாதிரி இருபது புள்ளைகள் வேணுமாம். நீங்கதானே மகள் எழுதத் தெரிஞ்ச ஆள்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"அப்ப நம்மட ஒம்பது பேரும்?"

"அவங்களுக்கு வேற பாடம் குடுப்பாக. துறை நிக்கிதுதானே?"

"யாருக்கு நிக்கிது, சேர்?"

அவர் ஜன்னலைச் சாத்தப் போனார்.

நிரந்தரம். அந்தச் சொல்லுக்காக எங்கள் உம்மா எத்தனை நோன்பு பிடித்திருப்பா. படிவங்களை வீட்டுக்குக் கொண்டுபோனேன். முதலாவதில் ஒரு பெயரை எழுதவும் செய்தேன். முகவரிக் கட்டத்துக்கு வந்தபோது ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் மணல் புதிதாகக் கிளறியிருந்தது. இருபது பேர் வரிசையாக நிற்கக்கூடிய நீளத்துக்கு.

படிவங்களைக் கிழித்தேன். நுஸ்ஹா என்று ஒருத்தி இல்லை, எழுதியவள் நான் என்று கடிதம் எழுதிக் கையொப்பம் வைத்தேன், வலது கையால். திங்கட்கிழமை அதை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, வரவுத்தாளில் பத்தாவது பெயரைச் சிவப்புப் பேனையால் வெட்டினேன். வியாழக்கிழமை பதில் வந்தது: இந்தத் தவணையோடு துறைக்குப் பூட்டு. என் ஒப்பந்தம் அன்றோடு சரி.

சாமான்களை எடுக்கவென்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். விசயம் தெரிந்தும் கொப்பியைத் திறந்து வைத்திருந்தார்கள். வழமைபோல் பெயர் கூப்பிட்டேன். ஒன்பது பெயர், ஒன்பது குரல். தாளை மடித்தேன்.

"மிஸ், என்ட பேரு?"

றிஸ்லாவுக்குப் பக்கத்துக் கதிரையிலிருந்து வந்தது. ஈரமணல் வாசம் அடித்தது. அங்கே றிஸ்லாவின் பை மட்டும்தான் இருந்தது.

"பேர வெட்டிட்டீங்க. அப்ப நான் எதுக்கு, மிஸ்?"

இத்தனை மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி. யாரும் எழும்பி ஓடவில்லை. ஒன்பது பேரும் அந்தக் கதிரையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பதில் எழுதுவதற்குப் பேனை திறக்கும் சத்தம் ஒன்றிரண்டு கேட்டது.

றிஸ்லா கையை நீட்டித் தன் பையைத் தூக்கி நிலத்தில் வைத்தாள்.