சிரா பாஜியின் கிணற்றருகே விழுந்த குண்டு

வெள்ளைக்காரர்கள் ஆற்றில் நின்ற கப்பலிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு, மூன்று தலைமுறைக் காலம் வானத்தில் பறந்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை சிரா பாஜியின் கடலைக் கொல்லையில் விழுந்தது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. காம்பியா என்பது ஓர் ஆறும் அதன் இரண்டு கரைகளும்தான். குண்டு போய் விழுந்த தூரம்வரை எங்கள் நாடு, அதற்கு அப்பால் செனகல் என்பார்கள். மற்ற குண்டுகள் அன்றைக்கே விழுந்து எல்லையாகிவிட்டன. எங்கள் ஊருக்கான குண்டு மட்டும் மெதுவாக வந்தது. அதன் நிழல் நகர நகர மாடுகளும் எழுந்து நகர்ந்து படுக்கும்.

ஆனால் அது கிணற்றைத் தாண்டவில்லை, ஆற்றுப் பக்கமே விழுந்துவிட்டது. அதனால் கிணறு செனகலுக்குப் போயிற்று. கோடையில் கடல் ஆற்றுவழியே ஏறி வந்து மற்ற கிணறுகளையெல்லாம் உப்பாக்கிவிடும். சிராவின் கிணறு ஒன்றுதான் இனிக்கும். ஊர்ப் பெண்களின் வெங்காயப் பாத்திகள் அதை நம்பித்தான் இருந்தன. செனகல் சிப்பாய்கள் வந்து கயிறு கட்டினார்கள். குண்டைக் கிணற்றுக்கு அப்பால் நகர்த்த இழுத்துப் பார்த்த காளைகள் மண்டியிட்டன, அரசாங்க டிராக்டர் அச்சுவரை புதைந்தது. வெங்காயத் தாள் மஞ்சளானது. இரண்டு குடும்பங்கள் மூட்டை கட்டின. விதவையான சிராவுக்குப் போக வேறு இடம் இல்லை.

அவள் காலி வாளியோடு கயிற்றருகே போய், காவல் தலைவன் லதீரிடம் குடும்பப் பெயரைக் கேட்டாள்.

"ஜூஃப்" என்றான் லதீர்.

சிரா வாளியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். ஜூஃப் என்றால் செரேர் இனம். செரேர்களுக்கும் ஜோலாக்களான எங்களுக்கும் கேலி உறவு. ஒருவரை ஒருவர் அடிமை என்று ஏசலாம். கோபப்படக் கூடாது, கேட்டதை மறுக்கவும் கூடாது.

"அட, செரேர்ப் பயலா நீ! துப்பாக்கி தூக்கிட்டா என் அடிமை இல்லேன்னு ஆயிடுமா? எந்திரி!"

"யாரு யாருக்கு அடிமை? சோத்து வாசனைக்கு வேலி தாண்டுற ஜோலா நீ."

"தாண்டவிடாமக் கயிறு கட்டினது நீதானேடா! அந்த உருண்டையத் தூக்கிக் கெணத்துக்கு அந்தாண்ட வை."

"வேலை போயிடும், அக்கா."

"போகட்டும். எங்க வீட்டுல கடலை உரிச்சுப் பொழைச்சுக்க."

லதீர் தொப்பியைக் கழற்றினான். குண்டை ஒரு தர்ப்பூசணியைப்போல் தூக்கிக்கொண்டு கிணற்றைத் தாண்டிப்போய் முந்திரி மரத்தடியில் வைத்தான். மற்ற சிப்பாய்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். இரண்டு தலைநகரங்களிலும் வரைபடத்தைத் திருத்தினார்கள். நாடு ஒரு கிணறு அகலமாயிற்று.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் குண்டு பழைய இடத்துக்கே உருண்டு வந்துவிடும். லதீர் ஓய்வு பெற்ற பிறகும் வருடந்தோறும் பஸ் ஏறி வந்து, திட்டிக்கொண்டே அதைத் தூக்கி வைத்துவிட்டு, சிராவின் சோற்றில் உப்பில்லை என்று குறை சொல்லிச் சாப்பிட்டுப் போவார். போன வருடம் அவருக்கு முழங்கால் வலி. மகளை அனுப்பியிருந்தார்.

"வந்துட்டியா அடிமை? முதல்ல சாப்பிடு" என்றாள் சிரா.

மகளும் ஜூஃப்தான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போய்த் தூக்கினாள். குண்டு வந்தது.