நீங்க முதல்ல அடிங்க, சம்பந்தி

பெவர்லியின் கல்யாணத்துக்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. மாப்பிள்ளை கோகிலனின் அப்பா பக்கிரிசாமிக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அவள் அப்பா பேட்ரிக்குக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. சர்ச்சிலும் நடக்கட்டும், கோயிலிலும் நடக்கட்டும் என்று இருவரும் தாராளமாகத் தலையாட்டினார்கள். எது முதலில் என்று கேட்டதும்தான் இரண்டு தலையும் ஆடாமல் நின்றன.

அன்று ஜார்ஜ்டவுனில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கடைசிப் பேச்சு. பாயசம் வருவதற்குள் பேட்ரிக் இலையை மூடிவிட்டார்.

"சர்ச் முதல்ல இல்லன்னா, இந்தப் பேச்சே வேணாம்."

"வேணாம்னா போங்க லா," என்று பக்கிரிசாமியும் இலையை மூடினார்.

கோகிலன் பதறிப்போய், "மேல ஸ்னூக்கர் சென்டர் இருக்கு. ரெண்டு பேரும் ஆடுவீங்கதானே? ஜெயிக்கிறவங்க சடங்கு முதல்ல!" என்று உளறிவைத்தான்.

பேட்ரிக் சர்ச் மண்டப மேசையில் பேர் வாங்கியவர். பக்கிரிசாமி பாலத்தைத் தாண்டி ஜுருவில் பழைய கார் விற்பவர். கடைக்குப் பின்னால் ஒரு மேசை போட்டு, ஆட்டத்துக்கு நடுநடுவே கார் விற்றார். இருவருக்கும் ஸ்ட்ரெய்ட் பூல்தான் ஆட்டம். எந்தப் பந்து எந்தக் குழிக்கு என்று முன்கூட்டியே சொல்லி அடிக்க வேண்டும். பந்துக்கு ஒரு புள்ளி. விதி தெரிந்த மூன்றாவது ஆள் பெவர்லி மட்டுமே என்பதால் அவளே நடுவர்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இந்த ஆட்டத்தைத் தொடங்குவது பந்தி அல்ல, படை. முக்கோணமாக நெருக்கி வைத்த பதினைந்து பந்துகளை முதலில் அடிப்பவர், சொன்ன பந்தைக் குழியில் போட வேண்டும். அது லேசில் நடக்காது. இல்லாவிட்டால் வெள்ளைப் பந்தும் வேறு இரண்டு பந்துகளும் மேசை ஓரத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் இரண்டு புள்ளி போய்விடும். பலமாக அடித்தாலோ பந்தெல்லாம் சிதறி எதிராளிக்கு விருந்தாகும். அதனால் மூலைப் பந்தை வெங்காயத் தோல் உரிக்கிற மாதிரி உரசிவிட்டு, வெள்ளையைச் சுற்றி வரவைத்து, எதிர் ஓரத்தில் ஒட்ட வைக்க வேண்டும்.

மேலே போனதும், யார் தொடங்குவது என்று பார்க்க இருவரும் ஆளுக்கொரு பந்தை எதிர் ஓரத்தில் மோதித் திரும்ப வரவைத்தார்கள். பக்கிரிசாமியின் பந்து ஓரத்தை ஒட்டி நின்றது. இனி யார் தொடங்குவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். அவர் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் போலக் கை நீட்டினார்.

"நீங்க முதல்ல அடிங்க, சம்பந்தி."

கோகிலனின் அம்மா மீனாட்சி உருகிப்போனாள். "பாத்தியா பெவர்லி, அங்கிளுக்கு எவ்ளோ பெரிய மனசு!"

அப்பாவின் காது சிவப்பதைப் பெவர்லி பார்த்தாள்.

"நீங்க பிரிட்ஜ் ஜாம்ல மாட்டி வந்தவங்க, நீங்க அடிங்க," என்றார் பேட்ரிக்.

"அய்யோ, மூத்தவரு நீங்க."

"ஆறு மாசம்தானே லா!"

"ரெஃப்ரி, ரூல் என்னம்மா?" என்று பக்கிரிசாமி பெவர்லி பக்கம் திரும்பினார்.

"நீங்கதான்பா அடிக்கணும்," என்றாள் பெவர்லி, தரையைப் பார்த்துக்கொண்டு.

பேட்ரிக் உரசினார். ஒரு பந்து ஓரத்தைத் தொட்டது. இன்னொன்று பாதி வழியில் களைத்து நின்றது. மைனஸ் இரண்டு. அப்படியே ஏற்பதா, மறுபடி அடிக்கச் சொல்வதா என்பது எதிராளியின் விருப்பம்.

"மறுபடி அடிங்க, சம்பந்தி."

"இன்னொரு சான்ஸ் குடுக்கிறாரு!" என்று மீனாட்சி கண் கலங்கினாள்.

இந்தத் தடவை இரண்டாவது பந்து ஓரத்துக்கு ஒரு மயிரிழை தள்ளி நின்றது. பேட்ரிக் குனிந்தார். பக்கிரிசாமி குனிந்தார். மூன்றாவதாகக் குனிந்த பெவர்லிக்கு இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தது.

"மைனஸ் நாலு, பா."

"பரவால்ல. மறுபடி அடிங்க."

பேட்ரிக் கோலை மேசைமேல் வைத்தார். "என்னைய என்ன, மாடுன்னு நினைச்சியா, வண்டியில பூட்டிக்கிட்டே இருக்க? பெவர்லி, பைய எடு. வீட்டுக்குப் போலாம்."

இப்போது போனால் போனதுதான். கோகிலனைப் பார்த்தாள். அவன் விதி புரியாமல், கோல் நுனியில் தேய்க்கிற சாக்குக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். பெவர்லி பந்துகளை மறுபடி முக்கோணத்தில் அடுக்கினாள், கோலை எடுத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு நட்டநடுவில் ஓங்கி அடித்தாள்.

மேசையே அதிர்ந்தது. பந்துகள் திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி நாலாபக்கமும் ஓடின.

"ஸ்ட்ரெய்ட் பூல்ல எவனாவது இப்படி அடிப்பானா!" என்று இரண்டு அப்பாக்களும் ஒரே குரலில் கத்தினார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

அப்புறம்தான் இருவரும் மேசையைப் பார்த்தார்கள். ஒவ்வொரு குழிக்கும் எதிரே ஒரு பந்து. நடுவில் சமர்த்தாக வெள்ளை. இப்படி ஒரு மேசை ஆயுசில் எத்தனை தடவை கிடைக்கும்?

"என் டர்ன்," என்றார் பேட்ரிக்.

"எப்படி? நான்தான் லா அடிக்கணும்!"

பெவர்லி வெள்ளைப் பந்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"டேபிள் ஒருத்தருக்கு. இன்னொருத்தரு சடங்கு முதல்ல. யாருக்கு டேபிள் வேணும்?"

பேட்ரிக் கழுத்துச் சிலுவையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த நேரத்துக்குள் பக்கிரிசாமி கோல் நுனியில் சாக்குக்கட்டி தேய்த்து முடித்திருந்தார்.

"சர்ச்சே முதல்ல இருக்கட்டும். கைய எடும்மா."

மீனாட்சி திடுக்கிட்டாள். "ஏங்க! அப்ப நம்ம கோயிலு?"

"மறுநாள் வச்சுக்கலாம். சும்மா இரு மீனா. அஞ்சாம் நம்பரு, மூலைக் குழி."

பேட்ரிக்குக்கு சர்ச் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவர் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் பக்கிரிசாமியின் தோளைத் தொட்டார்.

"அஞ்சு வேணாம், சம்பந்தி. அந்த ஒன்பதப் பாருங்க, குழி வாசல்லயே நிக்குது."