கீழ் வரிசைக்குப் போன மஞ்சள் சீட்டு

பெட்டியைக் கவிழ்த்தபோது மேசைமேல் விழுந்த சீட்டுகளில் முக்கால்வாசி மஞ்சளாக இருந்தன. ஜெராக்ஸ் அக்காவுக்கு முதலில் சந்தோஷம்தான். வெள்ளம் வடிந்த மறுநாளே இத்தனை பேர் கொடுக்க வந்திருக்கிறார்களே என்று மனசுக்குள் கடவுளுக்கு ஒரு நன்றி சொன்னாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மேலாக இருந்த சீட்டைப் படித்தாள். 'இரண்டு கை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க யார் வீட்டுச் சேற்றையும் அள்ளித் தருகிறேன்' என்று எழுதியிருந்தது. கீழே வீட்டு எண். எண்ணை இன்னொரு முறை பார்த்தாள். அது கீழ் வரிசை வீடு. மூன்று நாளைக்கு முன்னால் ஜன்னல்வரை தண்ணீர் நின்ற வீடு.

அடுத்ததை எடுத்தாள். கீழ் வரிசை. அதற்கடுத்ததும் கீழ் வரிசை. 'என் வீட்டுச் சுவர் பாதி விழுந்துவிட்டது. அதைக் கட்டும் சாந்திலேயே பக்கத்து வீட்டுக்கும் கட்டித் தருவேன்' என்று கொத்தனார் எழுதியிருந்தார். 'நூறு பேருக்குச் சமைக்கத் தெரியும், பாத்திரம்தான் ஆற்றோடு போய்விட்டது' என்று ஒரு வீடு. 'மாடிப்படி நனையவில்லை. யாராவது வந்து உட்காரலாம்' என்று ஒரு வீடு.

"குடி கெட்டுது," என்றாள் அக்கா.

விஷயம் இதுதான். ஆற்றோரம் இருப்பது கீழ் வரிசை, மேட்டில் இருப்பது மேல் வரிசை. இரண்டுக்கும் நடுவே கடைத்தெரு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கடைத்தெருவில் தீப்பிடித்து ஏழு கடைகள் சாம்பலாயின. வெளியிலிருந்து உதவி வந்து சேர மூன்று வாரம் ஆனது. அதுவரை ஊர்க்காரர்கள்தான் ஒருவரை ஒருவர் தூக்கி நிறுத்தினார்கள். "வீடு பத்தி எரியும்போது கிணறு வெட்டக் கூடாது. இப்பவே வெட்டி வச்சுக்கலாம்" என்று மருந்துக்கடைக்காரர் அன்றைக்குச் சொன்ன சொல்லில் முளைத்ததுதான் அறக்கட்டளை. பதிவுப் பத்திரத்தில் அதற்கு ஒரு முழ நீளப் பெயர் உண்டு. ஊரில் எல்லோருக்கும் அது 'ஊர்க்கை'. மருந்துக்கடைக்காரர் தலைவர். ஜெராக்ஸ் அக்கா செயலாளர். அவள் கடையின் பின்னறைதான் அலுவலகம்.

ஊரில் ஏதாவது வந்துவிட்டால் ஊர்க்கை இரண்டு விதமான சீட்டு அனுப்பும். அடிபட்ட வீடுகளுக்கு வெள்ளைச் சீட்டு: 'உங்களுக்கு என்ன தேவை?' தப்பித்த வீடுகளுக்கு மஞ்சள் சீட்டு: 'உங்களால் என்ன கொடுக்க முடியும்?' அக்காவே அடித்து, கட்டாகக் கட்டி, மேலே 'மேல்' 'கீழ்' என்று எழுதிக் கொடுப்பாள். காலையில் பேப்பர் போடுகிறவர் பேப்பரோடு சேர்த்துக் கதவுக்கடியில் தள்ளிவிடுவார். எழுதியதைக் கடை வாசலில் உள்ள பெட்டியில் போட வேண்டும். பொருளாக இருந்தால் வீட்டு எண்ணைக் குத்திப் பெட்டிக்குக் கீழே வைக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக இதில் ஒரு பிசகும் வந்ததில்லை.

பேப்பர்காரரைக் கூப்பிட்டு விட்டாள். சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து நின்றார்.

"தம்பி, காலையில கீழ் வரிசைக்கு எந்தக் கட்டைப் போட்டீங்க?"

"நீங்க 'கீழ்'னு எழுதினதைக் கீழ போட்டேன். 'மேல்'னு எழுதினதை மேல போட்டேன். ஏன்க்கா?"

"கீழ போனது மஞ்சளா இருந்துச்சே! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"இருபது வருஷமா பேப்பர் போடறேன், ஒரு வரி படிச்சதில்ல. நின்னு படிக்க ஆரம்பிச்சேன்னா ஊருக்கே சாயங்காலம்தான் பேப்பர் கிடைக்கும்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு ராத்திரி பள்ளிக்கூடச் சமையலில் நின்றுவிட்டு, கண்ணைத் திறந்தும் திறக்காமலும் அக்காதான் கட்டை மாற்றி எழுதியிருக்கிறாள். சோற்றுக்குக் குறையில்லை, பள்ளிக்கூடத்தில் மூன்று வேளையும் பந்தி நடக்கிறது. ஆனால் பாய், அடுப்பு, துணி என்று கீழ் வரிசைக்குப் போக வேண்டியதெல்லாம் ஒரு முழு நாள் தள்ளிப்போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை. எல்லாம் போய் நிற்கிறவர்களிடம் போய், உன்னிடம் என்ன இருக்கிறது கொடு என்று கேட்டாயிற்றே. எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது?

பின்னறையில் புத்தகத்துக்கு பைண்டிங் போட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் வெள்ளைச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். மேல் வரிசைக்குத் தப்பாகப் போனவை. பெரும்பாலும் 'எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, கீழே கொடுங்கள்' என்றுதான் இருந்தன. "இங்க பாரு, ஒருத்தர் பக்கத்து வீட்டு நாய் குரைக்காம இருக்கணும்னு கேட்டிருக்கார். ஊர்க்கையால முடியுமா?" என்று சிரித்தார். அடுத்த சீட்டில் சிரிப்பு நின்றது. ஓய்வுபெற்ற வங்கி மேனேஜரின் எழுத்து. 'சாயங்காலங்களில் பேச ஓர் ஆள்' என்று மட்டும் எழுதி, எண்ணைத் தெளிவாகப் போட்டிருந்தார். அதை அவர் தனியாக எடுத்து மேசை விளிம்பில் வைத்தார்.

கடைசியாகத்தான் அந்தச் சீட்டு அகப்பட்டது. எழுத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. 'ஒரு கம்பளி. பரணில் இருந்ததால் நனையவில்லை. படம் எடுக்கக் கூடாது.' இஸ்திரிக்காரியின் வீட்டு எண்.

பெட்டிக்குக் கீழே பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்திருந்தது கம்பளி. மடிப்பு கத்திபோல இருந்தது. அவள் கை பட்டால் கந்தலும் அப்படித்தான் நிற்கும்.

இருவரும் ஒரு காலத்தில் நகமும் சதையுமாக இருந்தவர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த வெள்ளத்தில் ஊர்க்கை அரிசி கொடுத்தபோது யாரோ படம் எடுத்தார்கள். இஸ்திரிக்காரி இரண்டு கையையும் நீட்டி மூட்டையை வாங்கும் படம். கண் பாதி மூடி, தலை குனிந்து, பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். அதைத் தன் மெஷினில் ஒன்பது பெரிய தாள்களில் பெரிதாக்கி, ஒட்டி, கடைத்தெரு முனையில் மாட்டியது அக்காதான். நல்லதற்குத்தான் என்று நினைத்தாள். பார்த்தவர்கள் அள்ளிக் கொடுக்கவும் செய்தார்கள். எட்டு மாதம் தொங்கியது. இஸ்திரிக்காரி ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். எதிரே பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவாள். அவள் சண்டை போட்டிருந்தால் அக்கா காலில் விழுந்தாவது முடித்திருப்பாள். பேசாமல் போகிறவளை எங்கே பிடிப்பது?

மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தக் கை கடை வாசலுக்கு வந்து ஒரு பொருளை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அதுவும் ஒரு கைப்பிசகால்.

"நீ போய் உளறிக் கொட்டாதே," என்றார் கணவர். "சீட்டு தப்பா வந்துடுச்சுன்னு எதுக்குச் சொல்லணும்? நாளைக்கு வெள்ளைச் சீட்டையும் போடு, முடிஞ்சுது. அந்தம்மா மனசு இப்பத்தான் கொஞ்சம் இறங்கியிருக்கு. நீ உண்மை பேசறேன்னு போய் அதைக் கெடுத்துக்காதே."

"பொய்யில வந்த சமாதானம் எத்தனை நாளைக்குங்க?"

"பொய் எங்க சொன்ன? சும்மா இருன்னுதானே சொல்றேன்."

அக்கா சீட்டுகளை அடுக்கிக் கட்டினாள். படுக்கும்போது, ஆண்டவனே, வாய் திறக்க வேண்டுமென்றால் நீயே திறந்துவிடு என்று வேண்டிக்கொண்டாள். சும்மா இருந்தால் தோழி கிடைப்பாள். ஆனால் அந்தப் படத்தை மாட்டியபோதும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சும்மா இருந்ததுதான் வினையாகப் போனது. இப்போதும் சொல்லாமல் விட்டால், கை நீட்டி வாங்கியவளைப் போலவே கை நீட்டிக் கொடுத்தவளையும் ஏமாற்றியதாக ஆகிவிடாதா?

காலையில் கம்பளியை இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழ் வரிசையில் இறங்கினாள். கணுக்கால் வரை சேறு. மெத்தைகளும் பெட்டிகளும் வாசலுக்கு வாசல் வெயிலில் கிடந்தன. கொத்தனார் ஒரு சுவரில் சாய்ந்து நின்று, "வாங்கக்கா, என் சீட்டு கிடைச்சுதா?" என்று பெருமையாகக் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

இஸ்திரிக்காரி வாசற்படியில் உட்கார்ந்து இஸ்திரிப் பெட்டிக்குள் அடைத்திருந்த சேற்றைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் மகள் இருமுவது கேட்டது.

"வாங்க," என்றாள், நிமிராமல். "உக்காரச் சொல்ல நாற்காலி இல்ல. காஞ்ச இடமாப் பாத்து நில்லுங்க."

முன்பெல்லாம் அக்காவை நீ, வா, போ என்றே பேசிய வாய். அக்கா கம்பளியை நீட்டினாள்.

"ஏன், ஒண்ணு பத்தலையா?"

"ஐயோ, அதில்ல. உனக்கு அந்தச் சீட்டே வந்திருக்கக் கூடாது. அது மேல் வரிசைக்குப் போக வேண்டியது. நான்தான் தூக்கக் கலக்கத்துல மாத்தி எழுதிட்டேன். உனக்கு வர வேண்டியது வெள்ளைச் சீட்டு. என்ன வேணும்னு கேக்கற சீட்டு."

கரண்டி நின்றது.

"அப்போ, தெரிஞ்சிருந்தா என்கிட்ட கேட்டிருக்க மாட்டீங்க."

"கேட்டிருக்க மாட்டேன்," என்றாள் அக்கா.

இஸ்திரிக்காரி பெட்டிக்குள் பார்த்தபடி, அந்தப் பெட்டியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "மூணு நாளா என்னென்ன போச்சுன்னே எண்ணிக்கிட்டிருந்தோம். அது போச்சு, இது போச்சு. உங்க சீட்டை எம்பொண்ணுதான் சத்தமாப் படிச்சா. 'அம்மா, நம்மகிட்ட என்ன இருக்குன்னு கேக்கறாங்க'ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம்தான் என்ன இருக்குன்னு தேட ஆரம்பிச்சோம். ஏணி வச்சுப் பரண் மேல ஏறினோம். இத்தனை வருஷத்துல ஊர்க்கை எங்க தெருவுக்கு எத்தனை தடவை வந்திருக்கும்? ஒரு தடவை இதைக் கேட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"தப்பாத்தான் கேட்டீங்களோ, சரியாத்தான் கேட்டீங்களோ. கேட்டுட்டீங்க. நான் கொடுத்துட்டேன். கொடுத்ததைத் திருப்பி வாங்கற பழக்கம் எனக்கில்ல."

உள்ளே இருமல் இன்னொரு தடவை வந்தது. "குழந்தைக்காகவாவது வச்சுக்கயேன்," என்றாள் அக்கா. இஸ்திரிக்காரி திரும்பவும் சேற்றைச் சுரண்டத் தொடங்கினாள். அக்கா படியோரம் குந்தினாள். சேறு உடையில் ஏறியதைக் கவனிக்கவில்லை. "அன்னைக்கு அந்தப் படத்தைப் பெரிசு பண்ணினது நான்தான். உன்கிட்ட கேக்காம பண்ணிட்டேன்."

"தெரியும். உங்க மெஷின்ல வலது ஓரமா ஒரு கறுப்புக் கோடு விழும். அது என் கன்னத்துல விழுந்திருந்துச்சு. அந்தப் பக்கம் போறப்பல்லாம் அழுக்கு ஒட்டியிருக்கோன்னு கன்னத்தைத் தொடைச்சுக்குவேன்."

அந்தப் படத்தால் முப்பது வீட்டுக்கு அரிசி வந்தது என்ற நியாயம் அக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "மன்னிச்சுக்கோ," என்றாள்.

இஸ்திரிக்காரி பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். கடைசிச் சேறு கட்டியாக விழுந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளைச் சீட்டு கொண்டாந்திருக்கீங்களா?" என்றாள்.

அக்கா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இஸ்திரிக்காரி முழங்காலில் வைத்து நிதானமாக எழுதினாள். எழுதியதை நீட்டினாள். 'கம்பளி ஒன்று. சிறுமிக்கு.'

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கையிலிருந்த கம்பளியைத் திரும்பவும் நீட்டினாள். "இந்தா, இருக்கே!"

"அது வேண்டாம். வேற கொண்டாங்க."

"ரெண்டும் கம்பளிதானேடி!" என்றுவிட்டாள். பழைய வழக்கத்தில் வாய்தவறி வந்துவிட்டது.

"இல்ல. அது நான் கொடுத்தது. இது நான் கேட்டது," என்றாள் இஸ்திரிக்காரி. "அது யாருக்குப் போகணுமோ போய்ச் சேரட்டும்."

"சரி. மத்தியானத்துக்குள்ள கொண்டாறேன்."

கிளம்ப எழுந்தவளின் கண்ணில் அப்போதுதான் பட்டது, வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய அண்டா. தண்ணீர் வந்த ராத்திரி இஸ்திரிக்கு வந்திருந்த மேல் வரிசைத் துணிகள் அத்தனையும் அதில் ஊறிக்கொண்டிருந்தன. வீட்டுத் துணி இன்னும் மூலையில் சேறாகக் கிடக்க, ஊரார் துணியை முதலில் அலசியிருக்கிறாள். கொடியில் ஏழெட்டுச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. இஸ்திரிக்காரி அண்டாவுக்குள் கைவிட்டு இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றை இழுத்தாள். தண்ணீரைக் குடித்த விரிப்பு கல்போலக் கனத்தது. ஒரு முனையை எடுத்துக்கொண்டு, இன்னொரு முனையை அக்காவின் பக்கம் தள்ளினாள்.

"நேத்துலேர்ந்து இது ஒண்ணுதான் ஒத்தையா முறுக்க முடியல. அந்தப் பக்கம் பிடி."

அக்கா கம்பளியைப் படிமேல் வைத்துவிட்டுப் பிடித்தாள். இருவரும் சேற்றில் காலை ஊன்றிப் பின்னால் நகர்ந்தார்கள். ஒருத்தி வலப்பக்கம் முறுக்க, ஒருத்தி இடப்பக்கம் முறுக்கினாள். விரிப்பு கயிறாகி இறுகியது. நடுவிலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. "இன்னும்," என்றாள் இஸ்திரிக்காரி. கை வலிக்க அக்கா இன்னொரு சுற்று சுற்றினாள். வாசலில் சிறுமி வந்து நின்று பார்த்தாள். கொட்டியது ஒழுகலாகி, ஒழுகல் சொட்டுகளாகி, சொட்டுகள் மெல்லத் தெளிந்துகொண்டிருந்தன.